பெரியப்பாவின் காரில் ஏறிய சைக்கிள்

போன மாதம் அக்கா மகன் தன் சைக்கிளை விமானத்தில் ஏற்றிக்கொண்டு லடாக் போனான். அங்கே மலையில் ஓட்டப்போகிறானாம். அதற்காக இரண்டு நாள் அக்கா வீட்டு ஹாலில் உட்கார்ந்து சைக்கிளை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றினான். சக்கரத்துக்குத் துணி உறை, ஹேண்டில்பாருக்குப் பஞ்சுச் சுருள் என்று சுற்றி, எல்லாவற்றையும் ஓர் அட்டைப்பெட்டிக்குள் வைத்து டேப் ஒட்டினான். பெட்டி ஃப்ரிட்ஜ் அளவுக்கு இருந்தது. ஹாலில் நடக்க வழியில்லை. எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. "ஏண்டா, போற இடத்துல ஒண்ணை வாடகைக்கு எடுத்தா கொறஞ்சா போயிடுவ" என்றேன். காதில் எதையோ மாட்டியிருந்தான், கேட்கவில்லை. அக்காதான், "பாக்குப் பொட்டலத்துல மட்டும் எதையும் போட்டுடாதேன்னு சொல்லு அவன்கிட்ட" என்றாள். சொல்லிவிட்டு மூச்சு முட்டச் சிரித்தாள்.

அவளுக்குச் சிரிப்பு வருகிறது. எனக்கு இத்தனை வருஷம் கழித்தும் கோபம்தான் வருகிறது. அந்தப் பாக்குப் பொட்டலத்தின் கதையை என் பெண்ணிடம் சொன்னால், "இதுக்கா இவ்ளோ டென்ஷன்" என்பாள். அதனால் உங்களிடம் சொல்கிறேன். மணிக்கணக்குக்கு வாடகைச் சைக்கிள் எடுத்து முட்டியைப் பெயர்த்துக்கொண்ட நம் வயசுக்காரர்களுக்குத்தான் இது புரியும்.

நாங்கள் அப்போது ஆவடியில், ராணுவ டாங்கி செய்கிற ஃபேக்டரியின் குவார்ட்டர்ஸில் இருந்தோம். எண்பதுகளின் நடுப்பகுதி. அப்பாவுக்கு ஃபேக்டரி ஸ்டோர்ஸில் வேலை. சோதனை ஓட்டத்துக்கு டாங்கி போகும்போது எங்கள் சமையலறை அலமாரியில் எவர்சில்வர் தட்டுகள் கிணுகிணுவென்று ஆடும். அம்மா ஒரு கையால் தட்டைப் பிடித்துக்கொண்டு மறுகையால் தோசை திருப்புவாள். நான் ஆறாம் வகுப்பு. அக்கா பன்னிரண்டாவது முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். இருந்தாள் என்று சொல்லக்கூடாது, துருதுருத்துக்கொண்டிருந்தாள். குவார்ட்டர்ஸ் கேட்டுக்கு எதிரே இருந்த வாடகைச் சைக்கிள் கடையில் ஒரு பெரிய ஆண்பிள்ளை சைக்கிளை எடுத்து, மைதானத்தில் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குரங்குப் பெடல் போட்டுப் பழகியவள் அவள். நான் பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடுவேன். கேரியரை விட்டுவிட்டேன் என்று தெரிந்தும் விழாமல் ஓட்டிய அன்றைக்கு எனக்குத் தேன்மிட்டாய் வாங்கிக்கொடுத்தாள்.

அவளுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு வேலை கிடைத்தது. ரேடியோவுக்குச் சின்னச் சின்னப் பாகங்கள் செய்கிற கம்பெனி. விடிகாலை ஷிப்ட். திங்கட்கிழமை சேரவேண்டும். முதல் நாளே தாமதமாக வந்தால் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று அங்கே வேலை பார்த்த பக்கத்து பிளாக் பெண் சொல்லியிருந்தாள். முதல் பஸ்ஸைப் பிடித்தாலும் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. இந்த ஒரு விஷயத்தில் அப்பாவுக்கு உள்ளுக்குள் சந்தோஷம். பெண்ணை வேலைக்கு அனுப்ப அவருக்கு இஷ்டமில்லை. வேண்டாம் என்று வாயைத் திறந்து சொல்லவும் தைரியம் இல்லை. "பஸ்ஸும் கிடையாது. உனக்குன்னு சைக்கிளும் கிடையாது. எப்படிப் போவ சொல்லு" என்று ரொம்ப வருத்தப்படுகிற மாதிரி கேட்டார்.

அந்த நேரம் பார்த்து மாமா வந்து உட்கார்ந்திருந்தார். அம்மாவின் தம்பி. பூந்தமல்லியில் மளிகைக் கடை வைத்திருந்தார். அந்த ஊருக்குப் போய் வருஷக்கணக்காகி, பேச்செல்லாம் அந்த ஊர்ப் பேச்சாகிவிட்டது.

"இன்னா மாமா, சைக்கிள் ஒரு மேட்டரா. தாய்மாமன் நான் ஒருத்தன் கல்லு மாதிரி கீறேன். பாப்பாவுக்கு வேலை கெட்ச்சதுக்கு என் சீரா இருக்கட்டும். லேடீஸ் சைக்கிளு, புச்சா, என் கடைக்குப் பக்கத்துக் கடையிலயே கீது" என்றார்.

அப்பாவின் முகத்தைப் பார்க்கவேண்டுமே. மச்சானின் சீரை வேண்டாம் என்று சொன்னால் அம்மா ஒரு மாதம் பேசமாட்டாள். கொஞ்ச நேரம் மோட்டுவளையைப் பார்த்துவிட்டு, "சரி. ஞாயித்துக்கிழமை பொழுது சாயறதுக்குள்ள சைக்கிள் வரணும். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வச்சு முறையா பூஜை போடணும். பூஜை போடாம அந்தச் சக்கரம் ரோட்டைத் தொடக்கூடாது. அப்படின்னா திங்கட்கிழமை போகட்டும். இல்லன்னா இந்த வேலைப் பேச்சே வேண்டாம்" என்றார்.

அக்கா உடனே சொன்னாள்: "பூந்தமல்லியிலயே ஒரு கோயில்ல பூஜை போட்டுட்டு நான் ஓட்டிட்டு வந்துடறேன்ப்பா. எவ்ளோ தூரம்? அரை மணி நேரம்."

எவ்வளவு நல்ல யோசனை பாருங்கள். அன்றைக்கு அந்த வீட்டில் மூளை இருந்த ஒரே ஆள் அவள்தான். ஆனால் மாமா காதைப் பொத்திக்கொண்டார். "சீரு வாங்கிக்கிறவளே சீரை மிதிச்சிகினு வர்றதா. ஊரு காறித் துப்பும் பாப்பா. சீருன்னா மாமன்காரன் தட்டோட எடுத்தாந்து ஊட்டு வாசல்ல எறக்கணும். அதான் மொறை" என்றார். அப்பா, "அதானே. மெயின் ரோட்டுல லாரி போற வேகம் தெரியுமா உனக்கு" என்றார். மாமாவும் அப்பாவும் அதுவரை எந்த விஷயத்திலும் ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை. தீபாவளிக்கு எண்ணெய் எத்தனை மணிக்குத் தேய்ப்பது என்பதில்கூடச் சண்டை வரும். அன்றைக்கு ஒத்துப்போனார்கள். எங்கள் போறாத காலம்.

சீர் தரையில் சக்கரம் படாமல் வரவேண்டும் என்றால் என்ன வழி? மாட்டு வண்டி என்றார் மாமா. அப்பா பெரியப்பாவின் கார் என்றார்.

பெரியப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும். அப்பாவின் அண்ணன், அம்பத்தூரில் சொந்த வீடு, பழைய அம்பாஸிடர் கார் ஒன்று. அந்தக் கார் ஓடிய நேரத்தைவிட அதை அவர் மஞ்சள் துணியால் துடைத்த நேரம் அதிகம். யாராவது ஏறினால் முதலில் காலைத் தட்டிக்கொள்ளச் சொல்வார். கதவை மூடினால், "மெதுவா, மெதுவா" என்பார். மெதுவாக மூடினால் கதவு மூடாது. திறந்து மறுபடியும் மூடினால் மறுபடியும் "மெதுவா" என்பார். அப்பா அவரிடம் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதம் வாங்கினார். அம்மா இதில் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பெரியப்பாவிடம் நேராகப் பேசுவதே கிடையாது. புருஷனின் அண்ணன் என்று மரியாதை. காபி வேண்டுமா என்று கேட்பதற்குக்கூட, "பெரியப்பாவைக் கேளுடி" என்று என்னைத்தான் அனுப்புவாள்.

ஞாயிற்றுக்கிழமை பெரியப்பாவின் காரில் பூந்தமல்லி போய், மாமா வீட்டில் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் சைக்கிள் கடைக்குப் போனோம். சீர் வாங்குகிறவள் ஓட்டிக்கொண்டு வரக்கூடாதே தவிர, சீட்டு உயரம் பார்க்கக் கடைக்கு வரலாம் என்று மாமா ஒரு சலுகை கொடுத்திருந்தார். கடை வாசலில் அது நின்றது. கரும்பச்சை நிறம், முன்னால் கம்பிக் கூடை, செயின் முழுக்க மூடிய கவர். புது ரப்பர் வாசனையும் கிரீஸ் வாசனையும் கலந்து மூக்கில் ஏறியது. அக்கா பெல்லை ஒருமுறை அடித்தாள். கணீர் என்று தெருமுனை வரை கேட்டது. அவள் முகத்தில் அப்போது இருந்த சந்தோஷத்தை அப்படியே எடுத்து வைத்துக்கொள்ளலாம் போல இருந்தது.

பிறகு ஆரம்பித்தது கூத்து. சைக்கிளைக் காரின் கூரைமேல் கட்டலாம் என்றார் மாமா. பெரியப்பா அதிர்ந்து போனார். "பெயிண்ட் என்னாறது" என்றார். அடியில் கம்பளி போடலாம் என்றார்கள். கம்பளியும் உரசுமாம். டிக்கியில் முன்சக்கரத்தை விட்டுப் பார்த்தார்கள், மூன்றில் ஒரு பங்குதான் போனது. குறுக்கே வைத்தார்கள், சாய்த்து வைத்தார்கள், தலைகீழாக வைத்தார்கள். கடைக்காரர் பீடியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் அவருக்கே பொறுக்கவில்லை.

"சார், இன்னாத்துக்கு இவ்ளோ ரோதனை. பாப்பா ஏறி ஒரு மிதி மிதிச்சா ஊட்டாண்ட போயி நிக்கும்" என்றார்.

"உனக்கு மொறை தெரியாது, நீ சும்மா இரு" என்றார் மாமா.

முடிவில் கழற்றுவது என்று தீர்மானமாயிற்று. கடைக்காரர் கழற்ற வந்தால், அப்பா ஸ்பேனரைப் பிடுங்கிக்கொண்டார். டாங்கி செய்கிற ஃபேக்டரி ஆள் அல்லவா. அவர் வேலை பார்த்தது ஸ்டோர்ஸில், ஸ்பேனரை எண்ணிக் கொடுத்துத் திரும்ப வாங்குகிற இடம், அது வேறு விஷயம். இடது பெடலை எல்லா மரையையும் போலத் திருகித் திருகி இறுக்கிக்கொண்டே போனார். வேட்டி நுனி வரை வியர்வை. "அப்பா, இடது பெடல் எதிர்ப்பக்கம் சுத்தணும்" என்றாள் அக்கா. வாடகைக் கடையில் பார்த்திருக்கிறாள். அவர் அவளை முறைத்துவிட்டு, யாரும் பார்க்காத நேரத்தில் எதிர்ப்பக்கம் சுற்றினார். கழன்றது. முன்சக்கரம், பெடல்கள், கூடை, காரைக் கீறும் என்று பெல், எல்லாம் கழன்று வந்தன. ஹேண்டில்பாரைத் தளர்த்திப் பக்கவாட்டில் திருப்பினார்கள். நட்டுகளை மாமா ஒன்றுவிடாமல் பொறுக்கி, "தோ பாரு, சீர்த் தட்டுல வச்சிட்டேன். எங்கியும் பூடாது" என்றார். பெல்லைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அப்போதும் டிக்கியில் இடம் போதவில்லை. ஸ்டெப்னி இருந்தது. பெரியப்பா டிக்கியையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அந்த மனிதர், பெயிண்டில் கம்பளி உரசக்கூடாது என்றவர், ஸ்டெப்னியைத் தூக்கிக் கடைக்காரரிடம் கொடுத்தார். "அடுத்த வாரம் வந்து எடுத்துக்கறேன், பத்திரம்" என்றார். ஒரு சக்கரத்தை எடுத்துப்போக இன்னொரு சக்கரத்தை இறக்கிவைத்தார்கள். மூன்று ஆண்பிள்ளைகளில் ஒருவருக்குக்கூட அது தப்பாகத் தெரியவில்லை. காரின் டயர்கள் பெரியப்பாவின் தலையைப் போலவே வழவழவென்று இருந்ததையும் யாரும் பார்க்கவில்லை.

இவ்வளவும் செய்துமுடிக்கையில் நாலரை மணி ஆகப்போகிறது. ஞாயிற்றுக்கிழமை நாலரையிலிருந்து ஆறு வரை ராகு காலம். "சீக்கிரம், சீக்கிரம்" என்று எல்லோரையும் அப்பா காரில் தள்ளினார். பெரியப்பா "மெதுவா, மெதுவா" என்றார். முன்னால் பெரியப்பாவும் அப்பாவும். பின்னால் மாமா மடியில் சீர்த்தட்டு, அம்மா மடியில் கம்பிக் கூடை, அக்கா மடியில் பெடல்கள். டிக்கியில் அடங்காத முன்சக்கரம் என் மடியில். அச்சில் இருந்த கிரீஸ் என் மஞ்சள் பாவாடையில் அப்பியது. கார் குலுங்கும்போதெல்லாம் சக்கரத்தின் விளிம்பு என் மோவாயில் இடித்தது. டிக்கி மூடாமல் கயிறு போட்டுக் கட்டியிருந்ததால் சென்னீர்குப்பம் புழுதியெல்லாம் உள்ளே வந்தது. பின்னாலிருந்து இரும்பு தட்டுகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

பாதி வழியில் அது நடந்தது. டப் என்று சத்தம். கார் ஒருபக்கமாகச் சாய்ந்து இழுத்துக்கொண்டு போய்ப் புளியமரத்தடியில் நின்றது. இறங்கிப் பார்த்தால் பின்பக்கத்து டயர் தரையோடு தரையாக இருந்தது. பெரியப்பா வழக்கம்போல, "ஸ்டெப்னியை எடு" என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. மாமா குனிந்து டயரை ஒருமுறை அமுக்கிப் பார்த்தார். அமுக்கினால் சரியாகிவிடுகிற மாதிரி.

அந்த ரோட்டில் அப்போது ஒன்றும் கிடையாது. இந்தப் பக்கம் வயல், அந்தப் பக்கம் வாய்க்கால். பஞ்சர் கடை அடைத்துக் கிடக்கிறது என்று ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒருவர் சொன்னார். பூந்தமல்லி போகும் பஸ் ஒன்று வந்தது, பிதுங்கி வழிந்தது, நிற்காமல் போனது. அடுத்த பஸ் எப்போது என்று யாருக்கும் தெரியாது. ஆட்டுக்காரர் டிக்கியை எட்டிப்பார்த்தார்.

"அதான் சைக்கிள் கீதே. ஒராளு போயி வேற டயரு எடுத்தாந்தா முடிஞ்சிது" என்றார்.

"அது சீரு நைனா" என்றார் மாமா.

ஆட்டுக்காரர் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். எனக்கு அவரோடு போய்விடலாமா என்று இருந்தது.

அக்கா எதற்கும் காத்திருக்கவில்லை. டிக்கிக் கயிற்றை அவிழ்த்துச் சைக்கிளை வெளியே இழுத்தாள். என் மடியிலிருந்த முன்சக்கரத்தை வாங்கி ஃபோர்க்கில் மாட்டிப் பிடித்துக்கொண்டாள். "மாமா, நட்டு குடுங்க" என்றாள்.

மாமா சீர்த்தட்டைத் துழாவினார். வெற்றிலை, பாக்குப் பொட்டலம், மஞ்சள், குங்குமம், வாழைப்பழம், பூ, எலுமிச்சம்பழம் எல்லாம் இருந்தன. நட்டு இல்லை. "இங்கதான வச்சேன்" என்று வாழைப்பழத்தைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். சட்டைப்பையைத் தடவினார். அப்போதுதான் பெல்லும் இல்லை என்பது தெரிந்தது. டயரை அமுக்கக் குனிந்தபோது வாய்க்காலில் விழுந்திருக்கவேண்டும். அப்பா ரோட்டில் தேடினார், மாமா வாய்க்காலில் இறங்கித் தேடினார். பெரியப்பாவுக்கோ கவலை வந்தால் வெற்றிலை போட்டாகவேண்டும். தன் பெட்டி காலியாக இருந்ததால், சீர்த்தட்டிலிருந்து இரண்டு வெற்றிலையை எடுத்து, பொட்டலத்திலிருந்து ஒரு சிட்டிகை பாக்கை அள்ளி வாயில் போட்டார். கடக் என்று ஒரு சத்தம். அப்படியே தாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

துப்பினார். கையில் ஒரு நட்டும், கடைவாய்ப் பல்லில் ஒரு துண்டும் இருந்தன. பாதுகாப்பாக இருக்கட்டும் என்று மாமா எல்லா நட்டையும் பாக்குப் பொட்டலத்துக்குள் போட்டு மடித்து வைத்திருக்கிறார். வைத்ததை மறந்தும் போயிருக்கிறார். இந்தக் குடும்பத்தில்தான் நான் பிறந்தேன்.

அக்கா அந்த நட்டையும் பொட்டலத்தில் இருந்த மற்றவற்றையும் வாங்கிப் பாவாடையில் துடைத்து மாட்டினாள். காரின் ஸ்பேனரை எடுத்து இறுக்கினாள். ஹேண்டிலை நேராக்கினாள். பெடல்களைப் பூட்டினாள். எல்லாம் அவள் கண்ணெதிரே கழற்றியவைதானே. எழுந்து கையைத் தட்டிக்கொண்டு, "நான் போய் ஸ்டெப்னியைக் கட்டிட்டு வந்துடறேன்" என்றாள்.

அப்பா நடுவில் வந்து நின்றார். "தொடாத. பூஜை ஆகல. இப்ப மணி என்ன தெரியுமா, ராகு காலம். இந்த நேரத்துல இந்த ரோட்டுல அதுல நீ ஏறினா, நாளைக்கு வேலை கிடையாது. சொல்லிட்டேன்."

அவர் குரல் நடுங்கியது. அக்கா ஹேண்டிலைப் பிடித்தபடி நின்றாள். ஏறினால் வேலை போயிற்று. ஏறாவிட்டால் கார் இங்கேயே கிடக்கும், பொழுது சாய்வதற்குள் வாசலில் பூஜை நடக்காது, அப்போதும் வேலை போயிற்று. அவள் கண்ணில் தண்ணீர் திரண்டது. துடைக்கவில்லை. ஹேண்டிலையும் விடவில்லை. எனக்கு அப்பாவைக் கடிக்கவேண்டும் போல இருந்தது.

அம்மா அதுவரை கம்பிக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள். இறங்கினாள். கதவைச் சாத்தினாள். ஓங்கிச் சாத்தினாள். பெரியப்பா தாடையிலிருந்து கையை எடுத்தார், "மெதுவா" என்று சொல்லவில்லை. அம்மா தட்டிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்து முன்சக்கரத்தின் கீழே வைத்தாள். ஹேண்டிலுக்கு மஞ்சளும் குங்குமமும் இட்டாள். தன் தலையிலிருந்த பூவில் கொஞ்சம் கிள்ளிச் சுற்றினாள்.

"ஏய், ராகு காலம்டி" என்றார் அப்பா.

"செவ்வாக்கிழமை துர்க்கைக்கு எலுமிச்சம்பழ விளக்கு ராகு காலத்துலதானே ஏத்தறேன். அவளுக்கு ஆகும்னா இவளுக்கும் ஆகும்" என்றாள்.

"யக்கா, சீரு வாசல்ல எறக்கணும், அதான் மொறை" என்றார் மாமா, வாய்க்காலில் நின்றபடியே.

அம்மா திரும்பி அவரைப் பார்த்தாள். "யாருக்குடா சீர் எடுத்த? என் பொண்ணுக்கு. நான் நிக்கிற இடம்தான் வாசல். மேல ஏறி வந்து தட்டை எடுத்துக் குடு."

மாமா சேற்றுக்காலோடு மேலே ஏறி வந்து தட்டை நீட்டினார். அக்கா குனிந்து வாங்கி என்னிடம் கொடுத்தாள். அம்மா பெரியப்பாவின் பக்கம் திரும்பினாள். நான் பிறந்து அதுவரை அவள் அவரிடம் நேராகப் பேசி நான் கேட்டதில்லை. "கடையில காட்டற மாதிரி ஒரு வார்த்தை எழுதிக் குடுங்க. இல்லன்னா உங்க ஸ்டெப்னியை அவன் குடுக்கமாட்டான்" என்றாள். பெரியப்பா சட்டைப்பையில் பேனாவைத் தேடினார்.

அக்கா ஏறினாள். எலுமிச்சம்பழம் நசுங்கி அந்தப் புழுதியிலும் வாசனை எழும்பியது. பெடலை மிதித்தாள், இரண்டு முறை ஆடினாள், பிறகு நேராகப் போனாள். பூந்தமல்லி பக்கம் திரும்புகிற வளைவில் பச்சைத் தாவணி மறைந்தது.

அதன்பிறகு அப்பாவைப் பார்க்க முடியவில்லை. ரோட்டின் ஓரத்தில் நின்றுகொண்டு பூந்தமல்லி பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே ஒவ்வொரு லாரி வரும்போதும் ஓர் அடி முன்னால் வைத்தார். லாரி கடந்துபோனதும் பின்னால் வைத்தார். மாமா ஏதோ பேச்சுக் கொடுத்தார், அவர் காதில் விழவில்லை. பூஜை, ராகு காலம், முறை என்று அவர் அதுவரை பிடித்த பிடிவாதமெல்லாம் இந்த லாரிகளுக்காகத்தான் என்று எனக்கு இப்போது தெரிகிறது. பயமாக இருக்கிறது என்று சொல்லியிருந்தால் அக்கா ஓரமாகவே ஓட்டுகிறேன் என்று சொல்லியிருப்பாள், விஷயம் முடிந்திருக்கும். சொல்லமாட்டார். பயத்தைச் சொல்லாமல் இருப்பதற்காக ஒரு காரை வரவழைத்து, ஒரு சைக்கிளைப் பிரித்து, அண்ணனின் பல்லை உடைத்தார். என் எரிச்சல் நியாயமா இல்லையா, நீங்களே சொல்லுங்கள்.

வெளிச்சம் மஞ்சளாக இறங்கிக்கொண்டிருந்தபோது வளைவில் அவள் தெரிந்தாள். முதுகுக்குப் பின்னால் கறுப்பாக ஒரு பெரிய வட்டம். கேரியரில் ஸ்டெப்னியைப் படுக்கவைத்து டியூப் பட்டையால் இறுக்கிக் கட்டியிருந்தார் கடைக்காரர். அந்தக் கனத்தில் சைக்கிள் முனகிக்கொண்டு வந்தது. காரில் ஏற்றிக்கொண்டு வந்த சைக்கிள், காரின் சக்கரத்தை ஏற்றிக்கொண்டு வந்தது. அக்காவின் முகம் வியர்வையும் புழுதியுமாக இருந்தது. பெல் இல்லாததால், "வழி, வழி" என்று வாயாலேயே கத்திக்கொண்டு வந்தாளாம் ரோடு முழுக்க.

அப்பா ஓடிப்போய் ஹேண்டிலைப் பிடித்தார். கட்டை அவிழ்த்து ஸ்டெப்னியைத் தானே தூக்கினார். தூக்கியபோது அதன் கனம் அவருக்குத் தெரிந்தது. ஒருமுறை அதையும் ஒருமுறை அவளையும் பார்த்தார். பெரியப்பா டயர் மாற்றி முடித்ததும், மறுபடியும் சைக்கிளை டிக்கியில் ஏற்றலாமா என்று மாமா கேட்டார். சத்தியமாகக் கேட்டார். அம்மா காரில் ஏறினாள். அக்கா என்னைக் கேரியரில் ஏற்றிக்கொண்டு மிதித்தாள். பருத்திப்பட்டு தாண்டி ஆவடி வரை கார் எங்கள் பின்னாலேயே ஊர்ந்து வந்தது. அப்பா சொல்லித்தான் பெரியப்பா முந்திப் போகாமல் ஓட்டினாராம். கேரியர் கம்பி தொடையில் அழுத்தி வலித்தது. ஆனாலும் இறங்கச் சொல்லியிருந்தால் இறங்கியிருக்க மாட்டேன்.

அன்றிரவு வேலையைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. நாளைக்கு உண்டா இல்லையா என்று அக்காவுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அப்பா சாப்பிட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அம்மா மட்டும் கேட்க வேண்டியவர்களைக் கேட்காமல் காலைச் சாதத்துக்கு அரிசி களைந்து வைத்தாள்.

விடியுமுன் எழுந்து பார்த்தால் அக்கா தலை பின்னிக்கொண்டிருந்தாள். அம்மா டிபன் பாக்ஸில் சாதம் அடைத்துப் பையில் போட்டாள். அப்பா எங்கே என்று பார்த்தால், வாசலில் குந்தியிருந்தார். சைக்கிளின் முன்சக்கரத்தில் ஒட்டியிருந்த எலுமிச்சம்பழத் தோலையும் சேற்றையும் ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் புதிதாக இன்னொரு எலுமிச்சம்பழம். பக்கத்து வீட்டுத் தாத்தா வராந்தாவில் நின்று கேட்டதற்கு, "கார்லதான் கொண்டாந்தோம். பூஜை இப்பத்தான் போடறோம்" என்றார். வாய் கூசாமல் சொன்னார். சாகும்வரை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அக்கா வந்து நின்றதும் அவர் எழுந்தார். கையில் எலுமிச்சம்பழம். "நேத்து போட்டது ரோட்டுல. இது நம்ம வாசல். ஒரு நிமிஷம் நில்லு" என்றார். போகாதே என்று சொல்லவில்லை. அதைக் கேட்டதும் அக்காவின் தோள் இறங்கியது. இரவெல்லாம் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஃபேக்டரிப் பக்கத்திலிருந்து முதல் சங்கு கேட்டது. அப்பா குனிந்து, பழத்தைச் சக்கரத்தின் இந்தப் பக்கம் வைத்துப் பார்த்தார், அந்தப் பக்கம் வைத்துப் பார்த்தார், கிழக்கு எது என்று தேடினார்.

அம்மா வந்தாள். அவர் கையிலிருந்து எலுமிச்சம்பழத்தை வாங்கினாள். வாங்கி அக்காவின் டிபன் பையில் போட்டாள்.

"நேரமாவுது. மத்தியானம் சாதத்துல பிழிஞ்சுக்கோ" என்றாள்.

அக்கா ஏறி மிதித்தாள். குவார்ட்டர்ஸ் கேட்டைத் தாண்டும்போது அவள் "வழி, வழி" என்று கத்தியது எங்களுக்குக் கேட்டது. அப்பா அந்தச் சத்தம் ஓய்கிற வரைக்கும் வாசலிலேயே நின்றார். சாயங்காலம் வந்ததும் அவர் முதலில் கேட்டது, நேரத்துக்குப் போனாயா என்பதுதான். கேட் திறக்கும் முன்பே போய் நின்றேன் என்றாள். எலுமிச்சம்பழத்தில் நல்ல சாறு இருந்தது என்றும் சொன்னாள்.